கைநாட்டிலிருந்து தொடுதிரை வரை

பதுளையிலிருந்து பசறைக்கு ஏறும் பாதையின் இருமருங்கிலும் தேயிலை மலைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றுள் ஒரு மலைச்சரிவில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டப்பட்ட லயமொன்றின் வாயிலில், மழை ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில் நாம் கண்ட சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்து வரும் தாயொருவர் வாயிற்படியில் அமர்ந்திருந்தார். அவர் கையில், வளைகுடா நாடொன்றில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்யும் மகள் வாங்கி அனுப்பிய தொடுதிரைக் கைத்தொலைபேசி இருந்தது. மகளுக்குக் குரற்செய்தி அனுப்ப வேண்டும். வட்ஸ்அப் செயலியில் ஒலிவாங்கியின் படம் பொறித்த பொத்தானை அழுத்திப் பிடித்தவாறே பேச வேண்டும். பேசி முடிந்ததும் விரலை எடுக்க வேண்டும். விரல் இடப்புறம் நழுவினால் பேசியதெல்லாம் அழிந்துபோகும். அத்தாய் அழுத்தினார்; திரை அசையவில்லை. மறுபடியும் அழுத்தினார், பதிவு தொடங்கியது, விரல் நழுவியது, பேச்சு மறைந்தது. மூன்றாம் முறை தொடர்பில்லாத வேறேதோ படம் திரையில் விரிந்தது. அருகிலிருந்த பேரன், பாடசாலை மாணவன், “அம்மாயி, ஒங்க வெரலு காய்ச்சுப் போச்சு. அதான் போனுக்குத் தெரியல” என்றான். “ஆமாய்யா, இந்த வெரலு கொழுந்துக்குத்தான் ஆகும்” என்று கூறி, தொலைபேசியை அவனிடமே நீட்டிவிட்டார் அவர்.

குற்றம் விரலுடையது என்று பாட்டியும் பேரனும் ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டனர். தீர்ப்பு மிக எளிதாக வந்துவிட்டது. அதுதான் நம் மனத்தை உறுத்தியது. மலையகத் தொழிலாளியின் விரலை அதிகாரமும் கருவியும் எவ்வாறு படித்து வந்திருக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், திருத்தப்பட வேண்டியது விரலா, கண்ணாடியா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஊவா மலையும் இரு விரலும்

ஊவாவின் பெருந்தோட்ட வாழ்வு கோப்பியுடன் தொடங்கியது. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையைத் தின்னும் துருநோய் இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பகுதியில்தான். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிச் செல்வம் மண்ணோடு மண்ணாயிற்று. ஆனால் அந்நோய் தோன்றுவதற்கு இரண்டாண்டு முன்பே, 1867இல், கண்டிச் சீமையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டிருந்தார். கோப்பி விட்டுச்சென்ற மலைகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளை மலையிலே தம்பேதென்னையில் தொழிற்சாலை எழுப்பினார். புகையிரதம் 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது.

பயிர் மாறியபோது மனித வாழ்வும் மாறியது. கோப்பி ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே பெருந்தொகையான ஆட்களைக் கேட்ட பயிர்; அறுவடை முடிந்ததும் தொழிலாளி தமிழகத்து ஊருக்குத் திரும்பி நடந்தான். தேயிலையோ ஆண்டு முழுவதும் கைகளைக் கேட்டது. ஒரு செடியில் ஏழு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை கொழுந்து முற்றாமல் பறிக்கப்பட்டாக வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து லயங்களில் குடியமர்த்தினர். பறிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுந்தது.

அவ்வேலையின் அசைவை உற்று நோக்குங்கள். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் கூடுகின்றன. இரண்டு இலையும் ஒரு குருத்தும் அவ்விரல்களுக்கிடையே அகப்படுகின்றன. மெல்லிய ஒரு மடிப்பில் தண்டு முறிகிறது. இரு கைகளும் ஒரே வேளையில் இதைச் செய்கின்றன. உள்ளங்கை நிறைந்ததும் கொழுந்து தோளுக்கு மேலாகப் பின்புறக் கூடைக்குள் போகிறது. முற்றிய இலையைத் தவிர்ப்பதற்குக் கண்ணைவிட விரல்நுனியே வழிகாட்டி. ஒரு கிலோத் தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து வேண்டும் என்றால், உலகத்தார் அருந்தும் ஒவ்வொரு கோப்பைக்கும் இந்த விரலசைவு எத்தனை முறை நிகழ்ந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். இத்துணை நுட்பமான அசைவைக் கற்றறிந்த கையைத்தான் நாம் “தேர்ச்சியற்ற கூலி” என்று ஏட்டில் எழுதி வந்தோம்.

அந்தக் கையை அளப்பதற்குத் தோட்டத்தில் ஓர் அளவுகோல் இருந்தது. காலையில் பிரட்டுக்களத்தில் கூடியதும் வேலை பிரிப்பார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துக் கணக்கிடுவார்கள். குறித்த அளவு நிறைந்திருந்தால் செக்றோலில் ஒரு “பேர்” விழும். அந்த அளவுக்குக் குறைந்தால் விழுவது “அரைப் பேர்”. மழையில் நனைந்தபடி செங்குத்தான மலையில் நின்றாளா, பங்கு நல்லதா கெட்டதா, பிள்ளைக்குப் பாலூட்டச் சென்றாளா என்பவற்றுக்கெல்லாம் செக்றோலில் இடமில்லை. அளவுக்கு மேல் என்றால் முழு மனுஷி. கீழ் என்றால் அரை மனுஷி. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வெளிவந்தபோது, பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய அளவு உயர்த்தப்பட்டதென்றும், முழுப் பேர் பெறுவது முன்னிலும் கடினமாயிற்றென்றும் தொழிலாளர் முறையிட்டதை நாம் மறந்துவிடவில்லை. கூலியை உயர்த்தும் கை, அளவுகோலையும் சேர்த்து உயர்த்திவிடக் கூடும்.

இந்த “அளவுகோல்” என்னும் சொல்லை நண்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இது மீண்டும் வரும்.

கைநாட்டின் கதை

உழைக்கும் விரலை எடைபோட்ட ஆட்சி, அதே விரலை முத்திரையாகவும் பயன்படுத்தியது. 1858 ஜூலையில், வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, பாதைக்குக் கல் கொண்டுவரும் ஒப்பந்தம் ஒன்றை ராஜ்யதர் கோனாய் என்பவருடன் செய்தார். ஒப்பந்தத் தாளில் கோனாயின் வலது உள்ளங்கையில் மை பூசிப் பதிப்பித்தார். பின்னாளில் கையெழுத்தை மறுக்கத் துணியாதபடி அவரை அச்சுறுத்துவதே நோக்கமாயிருந்தது என்று ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதினார். ஆக, நவீன ஆட்சியின் கைரேகைப் பதிவு இந்தியத் தொழில் ஒப்பந்தக்காரர் ஒருவர் மீது கொண்ட அவநம்பிக்கையில் பிறந்தது.

1897இல் கல்கத்தாவில் கைரேகைச் செயலகம் எழுந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை வகுப்பதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்கள் பெரும்பங்கு உழைத்தனர். முறைக்கு வாய்த்த பெயரோ அவர்களின் மேலதிகாரியான எட்வர்ட் ஹென்றியுடையது. 1906இல் தென்னாபிரிக்காவின் டிரான்ஸ்வாலில், ஆசியர் அனைவரும் பத்து விரல் ரேகையும் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் ஜொகனஸ்பர்க் நகரில் கூடிய இந்தியர், அதற்குப் பணிவதில்லை என்று உறுதி பூண்டனர். காந்தியின் தலைமையில் எழுந்த அப்போராட்டத்தில் சிறை புகுந்தவர்களில் தமிழர் மிகப் பலர். ஆட்சி கேட்டது விரல் நுனியின் மையை மட்டுமேயானாலும், அம்மக்கள் அதில் தம் மானம் முழுவதையும் கண்டனர்.

நம் மலைநாட்டில் அத்தகைய சபதம் எதுவும் எழவில்லை. சம்பளத்தாளிலும் முற்பணச் சீட்டிலும் பெருவிரல் ஓசையின்றிப் பதிந்தது. எழுதப்பட்ட மொழி ஆங்கிலம், எழுதியவர் கணக்கப்பிள்ளை, விரல் மட்டுமே தொழிலாளியுடையது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேரின் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களுள் ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. ஊவா மலைகளிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் பதுளைப் புகையிரதம் ஏறித் தலைமன்னார் வழியே கடல் கடந்தன. நாடற்றோர் என்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல்தான் வந்தது. இவ்வளவு காலமும் தாளில் பதிந்த விரல், தான் எதற்குச் சம்மதித்தோம் என்பதை அறியாத விரலாகவே இருந்தது.

ஆகவே “கைநாட்டு” என்பது நம்மூரில் ஏச்சுச் சொல்லாயிற்று. விரல் பதிப்பவர் அறிவிலி என்பதே அதன் பொருள். இன்று படித்தவரும் பாமரரும் ஒருங்கே நாளெல்லாம் விரலாலேயே உலகை இயக்குகின்றனர். வங்கிக் கணக்கும் பாடப்புத்தகமும் காதற்கடிதமும் விரல் படும் கண்ணாடியில் வந்து சேர்ந்துவிட்டன. ஆயினும் பழைய ஏச்சு ஒழிந்தபாடில்லை. “போனுக்கு விரல் தெரியவில்லை” என்ற புதிய உருவத்தில் அது திரும்பி வந்திருக்கிறது.

நொந்த கையில் பிறந்த கருவி

தொடுதிரை எவ்வாறு வந்தது? 1965இல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில், அரச ரேடார் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் விரல் தொட்டால் அறியும் திரையைப் பற்றி எழுதினார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவோருக்கு அது உதவும் என்பது அவர் கருத்து. 1970களில் ஜெனீவாவை அடுத்த சேர்ன் அணு ஆய்வுக்கூடத்தில் பிராங்க் பெக், பென்ட் ஸ்டம்ப் ஆகியோர், ஆயிரக்கணக்கான பொத்தான்களுக்குப் பதிலாகச் சில தொடுதிரைகளைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்தனர். 1982இல் கனடாவின் டொரொன்டோப் பல்கலைக்கழகத்தில், பல விரல்களை ஒரே வேளையில் உணரும் பரப்பை நிமிஷ் மேத்தா உருவாக்கினார். இவையெல்லாம் பொதுப் பணத்தில் இயங்கிய ஆய்வுநிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நடந்த உழைப்பு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இக்கதையில் நம் உள்ளத்தைத் தொடும் இடம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் டெலவெயர்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த வெய்ன் வெஸ்டர்மன் என்பவருக்கு, இடையறாத தட்டச்சு வேலையால் கை நொந்து போயிற்று. விசைப்பலகையை அழுத்தும் வலிமை குறைந்தது. வலுவாக அழுத்தாமல், மென்மையாகத் தொட்டும் வருடியும் கணினியை இயக்க வழியுண்டா என்று அவர் ஆராய்ந்தார். தம் பேராசிரியரான ஜோன் எலியாஸுடன் சேர்ந்து 1998இல் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 2005இல் அப்பிள் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. 2007இல் ஐபோன் வெளிவந்தது. இன்று கோடிக்கணக்கானோர் கையிலுள்ள தொடுதிரைச் சைகைகளின் ஒரு பெரும் ஊற்று, உழைப்பால் நொந்த ஒரு கை. கருவி கைக்கு இணங்கியதால் பிறந்தது அது.

பின்னர் நிகழ்ந்ததையும் காண வேண்டும். 2012 ஓகஸ்ட் 24ஆம் நாள் கலிபோர்னியாவின் நீதிமன்றம் ஒன்றில், சாம்சுங் நிறுவனம் அப்பிளுக்கு நூறு கோடி டொலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டுமென்று நடுவர் குழு தீர்ப்புக் கூறியது. வழக்கில் அடங்கியிருந்த காப்புரிமைகளில் ஒன்று, ஒரு விரலால் திரையை நகர்த்துவதையும் இரு விரலால் படத்தைப் பெருக்குவதையும் பிரித்தறியும் முறை பற்றியது. வேறொன்று, இருமுறை தட்டிப் பெரிதாக்குவது பற்றியது. அத்தொகை பின்னர்க் குறைக்கப்பட்டது. 2018இல் இரு நிறுவனங்களும் சமரசமாயின. ஆனால் உண்மை நிலைத்து நிற்கிறது: இரு விரல் கூடி விரியும் அசைவைக் கருவி எவ்வாறு அறிந்துகொள்கிறது என்பதுகூடத் தனியார் சொத்தாக உரிமை கோரப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளாக இரு விரல் கூட்டிக் கொழுந்து பறித்த ஊவாப் பெண்ணுக்கு அந்த அசைவின் பேரால் ஒரு சதமும் சேர்ந்ததில்லை.

கண்ணாடியின் செக்றோல்

இனி, கண்ணாடி விரலை எவ்வாறு படிக்கிறது என்று பார்ப்போம். தொடுதிரையின் கண்ணாடிக்கடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கம்பி வலை ஒன்று பரந்திருக்கிறது. அதைச் சுற்றி நலிந்த மின்புலம் உண்டு. மனித உடல் மின்னைக் கடத்துவதால், விரல் நெருங்கியதும் அப்புலம் சற்றே மாறுகிறது. அம்மாற்றமே “தொட்டது” என்ற செய்தி. காய்த்துத் தடித்த தோல் உலர்ந்து இறந்த தோல். அது சதைக்கும் கண்ணாடிக்கும் இடையே சுவராக நிற்கிறது. ஆகவே செய்தி நலிந்து சேர்கிறது. மாறாக, மழையில் நனைந்த திரையிலோ நீர்த்துளியும் மின்னைக் கடத்துவதால் விரலெது துளியெது என்று கருவி மயங்குகிறது. வேனிலில் வெடித்த விரலும் மாரியில் நனைந்த விரலும் இவ்வாறே தோற்கின்றன.

தொட்டது தெரிந்த பின் வருவது சைகையைப் பகுத்தறியும் வேலை. இங்கேதான் அளவுகோல் மீண்டும் தலைகாட்டுகிறது. அண்ட்ரொய்ட் தொலைபேசியில் விரல் ஏறத்தாழ அரைச் செக்கன் அசையாது நின்றால், அது வெறும் தட்டல் அன்று, அழுத்திப் பிடித்தல். விரல் ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிட்டால், அது தட்டல் அன்று, இழுத்தல். 0.3 செக்கனுக்குள் இரண்டாம் தட்டு விழுந்தால்தான் இரட்டைத் தட்டு. இளைஞனின் விரல் இவ்வெல்லைகளுக்குள் எளிதாக நின்றுவிடுகிறது. நாள் முழுதும் கூடை சுமந்து நடுங்கும் கை ஒன்றேகால் மில்லிமீட்டரை அறியாமலே கடந்துவிடுகிறது, தட்டல் இழுத்தலாகிறது. படித்துப் பார்த்து நிதானமாகத் தொடும் விரல் அரைச் செக்கனைத் தாண்டிவிடுகிறது. திறக்க வேண்டிய செயலி திறக்காமல், படம் இடம்பெயர்ந்து எங்கோ போய்விடுகிறது.

இது கண்ணாடிக்குள் ஒளிந்திருக்கும் செக்றோல். அளவுக்குள் நின்றால் பேர், தவறினால் பேரில்லை. இந்த எண்களைத் தெரிவு செய்தோர் முன் பசறை மலையின் விரல் இருந்திருக்க நியாயமில்லை. எனினும் எண்ணை எவரும் குற்றம் சொல்வதில்லை. விரலே நாணித் தலைகுனிகிறது.

திருத்தக்கூடிய அளவுகோல்

தோட்டத்துச் செக்றோலுக்கும் கண்ணாடியின் செக்றோலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பின்னதன் எண்களில் பலவற்றைப் பயனரே மாற்றிக்கொள்ளலாம். அண்ட்ரொய்ட் தொலைபேசியின் அமைப்புகளில் “அணுகல்தன்மை” என்ற பகுதி இருக்கிறது. அதற்குள் தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் குறுகியது, நடுத்தரம், நீண்டது என மாற்றலாம். அரைச் செக்கன் அளவில் நின்ற எல்லை ஏறத்தாழ ஒரு செக்கனாக, ஒன்றரைச் செக்கனாக நீளும். தவறுதலாக அடுத்தடுத்து விழும் தட்டல்களைப் பொருட்படுத்தாதிருக்குமாறு சில தொலைபேசிகளுக்குக் கட்டளையிடலாம். தொடுதலின் உணர்திறனை உயர்த்தும் வசதியும் சிலவற்றில் உண்டு. ஐபோனில் இத்தகைய தொடுதற் சலுகைகள் 2015இல் வந்தன. 2019இல் வெளிவந்த அண்ட்ரொய்ட் பத்தாம் பதிப்பு, திரையின் ஓரத்தை வருடிப் பின்செல்லும் சைகை முறையைக் கொண்டுவந்தபோதும், அடியில் மூன்று பொத்தான்கள் நிற்கும் பழைய முறையை அமைப்புகளில் விட்டுவைத்தது. ஓரத்தின் உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் வழி வைத்தது.

செயலிகளுக்குள்ளும் இத்தகைய தெரிவுகள் உள்ளன. பக்கவாட்டில் இழுத்தால் கடிதம் அழிய வேண்டுமா, ஒதுக்கி வைக்கப்பட வேண்டுமா, ஒன்றுமே நிகழாதிருக்க வேண்டுமா என்பதைச் சில மின்னஞ்சற் செயலிகளில் நாமே குறிக்கலாம். குரற்செய்தி பதியும்போது விரலை மேல்நோக்கித் தள்ளினால் பூட்டு விழுந்து, விரலை எடுத்த பின்னும் பதிவு தொடரும் வசதி 2017, 2018ஆம் ஆண்டுகளில் வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. இங்கே செயலி எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். தொலைபேசியின் பொது அமைப்பில் பயனர் மாற்றி வைத்த அளவை உங்கள் செயலி கேட்டறிந்து மதிக்கலாம். அல்லது உங்கள் விரலுக்கு வசதியான எண்ணைச் செயலிக்குள்ளேயே பொறித்துவிட்டு அவர் மாற்றியதைப் பயனற்றதாக்கிவிடலாம். இரண்டாவது வழியை மேற்கொள்பவர், தாம் அறியாமலே, தராசைத் தம் பக்கம் சாய்த்து வைக்கும் கணக்கப்பிள்ளையாகிவிடுகிறார்.

இவ்வசதிகள் நிறுவனங்களின் கருணையால் மட்டும் வந்தவை என்று எண்ணுதல் பிழை. உடற்குறையுள்ளோர் பல்லாண்டுகளாக நடத்திய உரிமைப் போராட்டம் இவற்றின் பின்னே நிற்கிறது. அப்போராட்டத்தின் பயனாக, இணைய நியமங்களை வகுக்கும் உலக அமைப்பு 2018 ஜூனில் வெளியிட்ட விதிகளில், பல விரலாலோ குறித்த பாதையில் வருடியோ செய்ய வேண்டிய எதனையும் ஒற்றை விரலின் எளிய தொடுதலாலும் செய்ய வழியிருத்தல் வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. 2023இன் பதிப்பு, இழுத்துச் செய்யும் செயலுக்கும் மாற்றுவழி வேண்டும் என்றது. உடற்குறையுள்ளோர் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிசெய்து ஏற்றிருக்கிறது. சக்கர நாற்காலிக்காக அமைத்த சரிவுப்பாதையில் கூடை சுமந்தவரும் ஏறிச்செல்கிறார் அல்லவா? அதுபோல, நடுங்கும் கைக்காகப் போராடிப் பெற்ற அமைப்பு, காய்த்த கைக்கும் உரியதாகிறது.

எனினும் உரிமை ஏட்டில் இருப்பது வேறு. லயத்துக்கு வந்து சேர்வது வேறு. 2021இல் கொள்ளைநோய் பாடசாலைகளை மூடியபோது, லுணுகலைப் பகுதியில் அலைவரிசை தேடி மாணவர் மலையுச்சிக்கு ஏறிக் காட்டு மரத்தின்மேல் கட்டிய குடிலிலிருந்து பாடம் கேட்டனர். அன்று தொலைபேசியைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவை கொழுந்து பறித்த கைகள். அக்கைகளுக்கு அத்தொலைபேசியைத் திறந்து காட்டியவர் எத்தனை பேர்? அமைப்புகள் பல படிகளுக்குள் புதைந்து கிடக்கின்றன. தமிழில் உள்ள சொற்களோ படித்தவருக்கே புரியாத மொழிபெயர்ப்புச் சொற்கள். இருப்பதே தெரியாத உரிமை இல்லாத உரிமைக்குச் சமம்.

யார் அளவை வகுப்பது?

பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ என்றொரு தோட்டம் உண்டு. 1940 மே மாதத்தில், சமசமாஜிகள் தலைமை தாங்கிய தொழிற்சங்க இயக்கம் ஊவாவில் பொங்கி எழுந்தபோது, அத்தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்குள்ளே தொழிலாளர் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்துகொண்டே நடப்பதற்குத் தோட்டத்துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிசாரிடமிருந்து ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். பின்னர் அடக்குமுறை வென்றது என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சில நாட்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அழியாதது. கைநாட்டு மக்கள் என்று ஏசப்பட்டவர்கள், வேலையின் அளவை வகுப்பதில் தமக்கும் பங்குண்டு என்று நிலைநாட்டிக் காட்டினார்கள்.

தொலைபேசியின் அமைப்பை மாற்றுவதையும் வேவெஸ்ஸப் போராட்டத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க நாம் முனையவில்லை. ஒன்று வயிற்றுக்கான போர். மற்றது ஒரு சிறு வசதி. ஆனால் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: மனிதனை அளக்கும் எண்ணை வகுக்கும் உரிமை யாருடையது? அந்த எண் இயற்கையின் விதியன்று, மனிதர் வகுத்தது, ஆகவே மனிதர் மாற்றத்தக்கது என்ற உணர்வு ஒருவருக்குச் சிறு கருவியில் பிறந்தாலும் அது பெரிய இடங்களுக்கும் பரவும். தன் விரலில் குற்றமில்லை என்று அறிந்த தாய், தன் கூடையின் அளவைப் பற்றியும் ஒருநாள் கேட்பாள்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! மலையகப் பாடசாலைகளில் கணினிப் பாடம் நடக்கிறது. அதில் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியவர் ஒருவரின் தொலைபேசியை வாங்கி, அவர் கையை அருகிருந்து கவனித்து, எங்கே தட்டல் தவறுகிறது, எங்கே விரல் நழுவுகிறது என்று குறித்து, அதற்கேற்ப அமைப்பை மாற்றி வரட்டும். எதனை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று அவருக்கே புரியும் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். முதியவரின் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்துத் தானே செய்துமுடிப்பது உதவியாகாது. அவர் கையிலேயே அதை இயங்கச் செய்வதுதான் உதவி. தொழிற்சங்கங்களும் தம் மாதாந்தக் கூட்டங்களில் அரைமணி நேரம் இதற்குத் தரலாம்.

அன்று மாலை அந்த லயத்து வாயிலில் நாமும் பேரனும் சேர்ந்து இதைத்தான் செய்தோம். திரைமேல் ஒட்டியிருந்த, குமிழ் விழுந்த தடித்த காப்புத் தாளை முதலில் உரித்தோம். உணர்திறனை உயர்த்தினோம். தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டினோம். அடியில் மூன்று பொத்தான்களைக் கொண்டுவந்தோம். குரற்செய்தியைப் பூட்டும் வழியைக் காட்டினோம். அத்தாய் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார், மேலே தள்ளினார், பூட்டு விழுந்தது. விரலை எடுத்த பின்னும் பதிவு ஓடுவதைக் கண்டு சற்றுத் திகைத்தார். பிறகு மழையைப் பற்றியும், பேரனின் பரீட்சையைப் பற்றியும், மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்றும் பேசலானார். பேச்சு நெடுநேரம் நீண்டது. பேரன் ஒருமுறைகூடக் கையை நீட்டவில்லை.

முடிவில் அவர் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இத மொதல்லயே இப்படி வச்சிருந்தா என்னங்கய்யா?”

அக்கேள்விக்கு விடையளிக்கும் கடமை கருவி செய்வோருக்கு மட்டும் உரியதன்று. படித்தவர் என்று சொல்லிக்கொள்ளும் நம் அனைவருக்கும் உரியது.